அந்தப் பழைய போர்வை இப்போது எங்கே? ஒரு விலங்குக் காப்பாளருக்குப் பதில்

நான்கு பக்கக் கடிதம். எழுதியவர் ஒரு வனவிலங்குக் காப்பகத்தில் பதினோரு ஆண்டுகளாகக் காப்பாளராக இருக்கிறார். பெயர், இடம், ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

தாய்ச் சிறுத்தை ஈன்ற மூன்றாம் நாளே தன் குட்டிகளை ஒதுக்கிவிட்டது. மூன்று குட்டிகளுக்கும் பாட்டில் பால் கொடுத்து வளர்க்கும் பொறுப்பு இவருக்கு வந்தது. எட்டாவது வாரத்தில் முதலாவது தடுப்பூசி போட்டாயிற்று. அதே வாரம் இவருடைய மகள் தெருவோரம் கத்திக்கொண்டிருந்த ஒரு பூனைக்குட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்தாள். நாலாம் நாள் அது வாந்தி எடுத்தது. ஆறாம் நாள் செத்துப்போனது. பன்னிரண்டு நாள் கழித்துக் காப்பகத்தில் ஒரு சிறுத்தைக் குட்டி பாட்டிலைத் தொடவில்லை. இரண்டே நாளில் அதுவும் போய்விட்டது. இரண்டாவது குட்டிக்கும் நோய் வந்து, இப்போது மெல்லத் தேறுகிறது. மூன்றாவதற்கு இதுவரை ஒன்றுமில்லை. பரிசோதனையில் வந்த பெயர், பூனைகளின் பார்வோ நோயான பேன்லூக்கோபீனியா.

காப்பக மருத்துவர் எல்லோரையும் கூப்பிட்டு, "யாராவது நோயுற்ற பூனையைத் தொட்டீர்களா?" என்று கேட்டிருக்கிறார். இவர் வாய் திறக்கவில்லை. "ஒவ்வொரு முறையும் கையில் சானிடைசர் போட்டுக்கொண்டுதான் குட்டிகளைத் தொட்டேன். குட்டிகளுக்கு ஊசியும் போட்டிருந்தது. போதாததற்கு, சிறுத்தை காட்டு மிருகம். ஒரு வீட்டுப் பூனையின் வியாதி அதைச் சாய்த்துவிடும் என்று நான் நினைக்கவே இல்லை" என்கிறார். வீட்டில் ஆறு வயதுக் கடுவன் பூனை ஒன்றும் இருக்கிறது. அதற்கு எஃப்ஐவி, அதாவது பூனைகளின் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் வைரஸ், இருப்பது போன வருடம் தெரிந்தது. அதைக் கொடுத்துவிட வேண்டுமா, மகளுக்கு ஏதும் தொற்றுமா, காப்பகத்தைச் சுற்றித் திரியும் பூனைகளை எல்லாம் பிடித்து ஒழிக்கப் போவதாக நிர்வாகம் சொல்கிறதே அது சரியா என்று கேட்டுவிட்டு, கடைசியில் உண்மைக் கேள்விக்கு வருகிறார்: "அந்தக் குட்டியைக் கொன்றது நான்தானா? சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் தூக்கம் போகிறது."

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்க வேண்டியிருக்கிறது. கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "இரவில் குளிருமே என்று வீட்டிலிருந்து ஒரு பழைய போர்வை கொண்டுபோய் விரித்தேன்." அந்தப் போர்வையை எப்போது கொண்டுபோனீர்கள், பூனைக்குட்டி வருவதற்கு முன்பா, பின்பா? அந்தப் பூனைக்குட்டி அதில் படுத்ததா? துவைத்திருந்தால் எதில் துவைத்தீர்கள்? எல்லாவற்றையும் விட, அது இப்போது எங்கே இருக்கிறது?

மூன்றாவது குட்டியின் கொட்டிலில் இருந்தால் இன்றைக்கே வெளியே போக வேண்டும். நீங்களாக எடுத்துக் குப்பையில் வீசிவிடாதீர்கள். பையில் கட்டி, மருத்துவரிடம் சொல்லி, அவர் சொல்கிறபடி எரிக்கவோ அப்புறப்படுத்தவோ செய்யுங்கள். இந்த வைரஸைச் சாதாரண சோப்புத்தூள் தண்ணீர் பெரிதாக ஒன்றும் செய்யாது. துவைத்த துணி கண்ணுக்குச் சுத்தம், அவ்வளவுதான்.

எது செருப்போடு வரும், எது வராது

பூனைகளின் வைரஸ் நோய்கள் என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம். பூனை இனத்தைத் தாக்கும் முக்கியமான வைரஸ்கள் ஐந்தாறு இருக்கின்றன. ஒவ்வொன்றும் பயணம் செய்கிற விதம் வேறு. காப்பாளர் ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டியது, தன் உடம்பிலும் உடைமையிலும் ஒட்டிக்கொண்டு எது வரும் என்பதைத்தான்.

பேன்லூக்கோபீனியா வைரஸ்தான் இதில் மிக முரட்டுப் பயணி. வெளியே கொழுப்பு உறை எதுவும் இல்லாத சிறு வைரஸ் அது. மண்ணிலும் தரை இடுக்கிலும் ஒரு வருடம்கூட உயிர்ப்போடு கிடக்கும். நோயுற்ற பூனையின் மலம், வாந்தி, சிறுநீர் எல்லாவற்றிலும் வெளிவரும். செருப்பின் அடி, வாளியின் விளிம்பு, துடைப்பம், கம்பளி, ஏன், தெள்ளுப்பூச்சிகூட அதைச் சுமந்து வரும். பூனையும் சிறுத்தையும் ஒன்றை ஒன்று பார்த்திருக்கவே வேண்டியதில்லை.

கலிசி வைரஸ் வாயில் புண்ணையும் சளியையும் கொண்டுவருவது. காய்ந்த பரப்பில் சில வாரங்கள் தாங்கும்; அதுவும் கையோடும் பாத்திரத்தோடும் வரும். ஹெர்பிஸ் அப்படி இல்லை, வெளியே ஒரு நாள் தாங்குவதே அதிகம். ஆனால் ஒரு தடவை உடம்புக்குள் போனால் நரம்பு முடிச்சில் ஒளிந்துகொண்டு, அந்த விலங்கு மிரண்டால், இடம் மாறினால், குட்டி போட்டால் மறுபடி தலைகாட்டும். கூண்டில் வளரும் சிவிங்கிப்புலிகளுக்கு (சீட்டா) ஆறாத கண் நோயும் தோல் புண்ணும் வந்து பாடாய்ப் படுத்துவது இந்த ஹெர்பிஸ்தான். பூனைகளுக்கு இரத்தப் புற்றுநோய் வரவைக்கக்கூடிய லுகேமியா வைரஸும் எஃப்ஐவியும் இதற்கெல்லாம் நேர் எதிர். வெளிக்காற்றில் சீக்கிரமே செயலிழந்துவிடும். ஒன்று, ஒன்றை ஒன்று நக்கிக்கொண்டு நெருங்கிப் பழக வேண்டும். இல்லையென்றால் கடிபட வேண்டும்.

உங்கள் கடுவனைப் பற்றிய கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. எஃப்ஐவி பெரும்பாலும் கடிக்காயத்தில் பரவுவது. அது உங்கள் செருப்பிலோ சட்டையிலோ ஏறிக் காப்பகத்துக்குப் போகாது. வீட்டுப் பூனையின் எஃப்ஐவி காட்டுப் பூனைக்குத் தாவியதே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜப்பானின் சுஷிமா தீவில் வாழும் அரிய சிறுத்தைப் பூனை ஒன்றில் 1996-ல் அதைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அங்கே இரண்டும் ஒரே காட்டில் திரிந்து சண்டை போடுகின்றன. உங்கள் கடுவன் திண்ணையைத் தாண்டாத ஆறு வயதுக் கிழம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை எங்கும் கொடுக்க வேண்டாம். வெளியே விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். பேன்லூக்கோபீனியாவுக்கான தடுப்பூசி அதற்குப் போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எதிர்ப்பு சக்தி குறையக்கூடிய பூனை என்பதால், உயிருள்ள வைரஸ் இல்லாத, செயலிழக்கச் செய்த வகை ஊசி போதும்.

காட்டு மிருகம் என்ற நம்பிக்கை

இந்தத் தவறான எண்ணம் உங்களுக்கு மட்டும் உரியதல்ல. படித்த அதிகாரிகளிடமும் கேட்டிருக்கிறேன். புலி, சிங்கம், சிறுத்தை எல்லாம் வீட்டுப் பூனையின் உறவுக்காரர்கள். வைரஸ் பார்ப்பது உடம்பின் அளவை அல்ல. தான் நுழையத் தோதான வாசல் அந்த உயிரணுவில் இருக்கிறதா என்பதைத்தான். பேன்லூக்கோபீனியா வைரஸுக்குப் பூனைக் குடும்பம் முழுவதும் திறந்த வீடு.

அது வேகமாகப் பெருகும் உயிரணுக்களைத் தேடிப் போகிறது. குடலின் உள்சுவரும் எலும்பு மஜ்ஜையும் அப்படிப்பட்ட இடங்கள். குடல் சுவர் உரிந்து விழுகிறது, இரத்த வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போகின்றன. காவலாளி இல்லாத வீட்டுக்குள் குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் புகுந்துவிடுகின்றன. வளரும் குட்டி உடம்பில் உயிரணுப் பெருக்கம் அதிகம் என்பதால் குட்டிகள்தான் முதலில் விழும். உங்கள் இரண்டாவது குட்டிக்கு ஏன் ஆன்டிபயாடிக் போடுகிறார்கள் என்று ஒரு இடத்தில் வியந்திருந்தீர்கள். அது வைரஸைக் கொல்வதற்கு அல்ல. இந்தப் புகுந்தவர்களைத் தடுப்பதற்கு.

காட்டு விலங்கு பலமானது என்பதை அடியோடு கவிழ்த்த ஒரு சம்பவம் உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள ஒரு வனவிலங்குப் பூங்காவில் 1982-ல் சிவிங்கிப்புலிகளிடையே பூனைக் கொரோனா வைரஸ் புகுந்தது. (மனிதர்களுக்கு வந்த கோவிட் அல்ல, பூனைகளுக்கென்றே உள்ள பழைய கொரோனா.) வீட்டுப் பூனைகளில் இந்த வைரஸ் சர்வ சாதாரணம், தொற்றியவற்றில் ஒரு சிறு பங்குதான் கடும் நோயாகி இறக்கும். அந்தப் பூங்காவிலோ மூன்று ஆண்டுகளில் சுமார் 60 சதவீதச் சிவிங்கிப்புலிகள் இறந்தன. அதே வளாகத்தில் இருந்த சிங்கங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிவிங்கிப்புலிகள் எல்லாம் மரபணுவில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பவை. ஒன்றை வீழ்த்தும் சாவி மற்றதையும் திறந்துவிட்டது என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். வெளியே சுதந்திரமாகத் திரியும் விலங்குகளுக்கும் விதிவிலக்கு இல்லை. 2002-க்கும் 2004-க்கும் இடையில் ஃபுளோரிடா பேந்தர்கள் எனப்படும் அமெரிக்கப் பூமாக்களிடம் லுகேமியா வைரஸ் பரவி ஐந்து இறந்தன. மரபணு வரிசையைப் படித்தபோது அது ஒரே ஒரு வீட்டுப் பூனையிலிருந்து தொடங்கியது என்று தெரிந்தது. ஸ்பெயினின் ஐபீரிய லின்க்ஸ் பூனைகளும் 2007-ல் இதே வைரஸிடம் அடிவாங்கின.

ஊசியும் சானிடைசரும்

"ஊசி போட்டிருந்தது" என்று மூன்று தடவை எழுதியிருக்கிறீர்கள். போட்டது ஒரு டோஸ். செயலிழக்கச் செய்த தடுப்பூசியில் ஒரு டோஸ் என்பது பாதிக் கட்டிய சுவர். காட்டுப் பூனை இனங்களுக்கு விலங்கு மருத்துவர்களான நாங்கள் அந்த வகையைத்தான் விரும்புகிறோம். வீட்டுப் பூனைக்கு ஒத்துவரும் உயிருள்ள தடுப்பூசி, சில காட்டு இனங்களில் நோயையே உண்டாக்கிவிடக்கூடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குட்டிகள் முதல் இரண்டு நாள் தாயிடம் சீம்பால் குடித்திருக்கின்றன. அதில் வந்த எதிர்ப்புப் பொருள் குட்டியைக் கொஞ்ச நாள் காக்கும், அதே சமயம் தடுப்பூசியையும் வேலை செய்யவிடாது. அது எந்த வாரம் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். வைரஸைத் தடுக்கப் போதாது, ஊசியைக் கெடுக்க மட்டும் போதும் என்கிற ஒரு இடைவெளி நடுவில் வரும். அதனால்தான் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, குறைந்தது பதினாறு வாரம் வரையாவது திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறோம். உங்கள் குட்டிகள் பத்து வாரத்தைத் தாண்டிய நேரத்தில் விழுந்தன, சரியாக அந்த இடைவெளியில். 2023-ல் பெங்களூருக்கு அருகே பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவில் இதே நோயில் ஏழு சிறுத்தைக் குட்டிகள் இறந்தன. அவற்றுக்கும் தடுப்பூசி போடப்பட்டிருந்தது. ஊசி வேண்டாம் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊசி இல்லாத இடத்தில் நிலைமை இன்னும் மோசம். ஊசி போட்டுவிட்டோம் என்று மற்றக் கதவுகளைத் திறந்து வைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சானிடைசர் விஷயத்தில் உங்களை யாரோ தவறாக வழிநடத்தியிருக்கிறார்கள். ஆல்கஹால் கொழுப்பு உறை உள்ள வைரஸ்களைக் கொல்லும். ஹெர்பிஸ், கொரோனா, லுகேமியா எல்லாம் அந்தக் கூட்டம். பார்வோ இனத்திடம் அது எடுபடாது. கைக்குச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுவதும், தொடும்போது கையுறை போடுவதும்தான் வழி. தரைக்கும் பாத்திரத்துக்கும் ப்ளீச் எனப்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் இருக்கிறது. 5 சதவீதக் கரைசல் ஒரு பங்குக்கு 31 பங்கு தண்ணீர், 10 நிமிடம் ஈரமாக நிற்க வேண்டும். அதற்கு முன்னால் மலத்தையும் அழுக்கையும் சோப்பால் தேய்த்து எடுத்திருக்க வேண்டும், அழுக்கின் மேல் ஊற்றினால் ப்ளீச் அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். சிறுநீர் தேங்கிய இடத்தில் நேரடியாக ஊற்றினால் நச்சுப்புகை வரும். அதையும் கழுவிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். விலங்கை உள்ளே வைத்துக்கொண்டு எதையும் தெளிக்கக் கூடாது.

பினாயில் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எல்லோரும் வாசனையை நம்பி அதைத்தான் ஊற்றுகிறார்கள். ஃபீனால் கலந்த பொருட்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனைக் குடும்பத்தின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. புலி, சிறுத்தைக் கொட்டில்களில் அது வேண்டவே வேண்டாம்.

நீங்கள்தானா?

உங்களைத் தேற்றுவதற்காக "இல்லவே இல்லை" என்று சொல்லப் போவதில்லை. பயமுறுத்தவும் போவதில்லை. கணக்கைப் பார்ப்போம்.

தொற்றியதிலிருந்து அறிகுறி தெரியப் பெரும்பாலும் 2 முதல் 10 நாள் ஆகும். பூனைக்குட்டி செத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் சிறுத்தைக் குட்டி விழுந்தது என்பதை வைத்து, "அப்படியானால் என்னால் இல்லை" என்று நினைக்கத் தோன்றும். வைரஸ் உங்கள் செருப்பிலும் வீட்டுத் தரையிலும் அதற்குப் பிறகும் இருந்திருக்குமே. எனவே நாட்கணக்கு உங்களை விடுவிக்காது. அதே நாட்கணக்கு உங்களைக் குற்றவாளியாகவும் ஆக்காது. பூனைக்குட்டிக்குப் பரிசோதனையே நடக்கவில்லை. வாந்தி எடுத்துச் சாகும் குட்டிகள் எல்லாம் பேன்லூக்கோபீனியாவில்தான் சாகின்றன என்பதில்லை. குடல் புழு, விஷம், பட்டினி என்று காரணங்கள் ஏராளம். அப்புறம், இறைச்சி வெட்டும் அறைக்குப் பின்னால் பூனைகள் குட்டி போட்டிருப்பதாக நீங்களே எழுதுகிறீர்கள். அந்த வழியாகத்தான் தினமும் பால் வாளி போகிறது. மற்றக் காப்பாளர்கள் வீட்டில் என்ன வளர்க்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? நாயையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1978-ல் உலகம் முழுக்கப் பரவிய நாய்ப் பார்வோ, இந்தப் பூனை வைரஸின் நெருங்கிய சொந்தம். அதன் பிந்தைய வகைகள் பூனை இனங்களையும் தொற்றும். கூண்டில் இருந்த புலியிலும் சிவிங்கிப்புலியிலும் அவற்றைக் கண்டிருக்கிறார்கள்.

ஒருவேளை பூனைக்குட்டியின் மாதிரி கிடைத்து, இரண்டின் மரபணுவும் ஒத்துப்போனால்கூட முடிவாகச் சொல்ல முடியாது. இந்த வைரஸ் மிக மெதுவாக மாறுவது. ஒரே பகுதியில் திரியும் பூனைகளிடம் கிட்டத்தட்ட ஒரே முகத்தோடுதான் இருக்கும். ஆக, நண்பரே, "நான்தானா?" என்ற கேள்விக்கு உறுதியான விடை உங்களுக்குக் கிடைக்கவே போவதில்லை. அதோடுதான் நீங்கள் வேலைக்குப் போக வேண்டியிருக்கும்.

நானும் அப்படித்தான் போகிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு விடிகாலை, பார்வோ வந்த நாய்க்குட்டிக்கு ட்ரிப் போட்டுவிட்டு, அதே செருப்போடு ஒரு காப்பகத்துக்குள் நடந்தேன். அங்கே ஒன்றும் நேரவில்லை. அது என் சாமர்த்தியத்தால் இல்லை. இன்றைக்கு வண்டியில் இரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸ் வைத்திருக்கிறேன்.

சொல்வதா, வேண்டாமா

சொல்லிவிடுங்கள். மனசாட்சிக்காக என்பது ஒருபுறம் இருக்கட்டும். மூன்றாவது குட்டிக்காகச் சொல்லுங்கள். மருத்துவர் இப்போது இருட்டில் தேடிக்கொண்டிருக்கிறார். போர்வை இருப்பது அவருக்குத் தெரியாது. உங்கள் செருப்பு எங்கெங்கே நடந்தது என்று தெரியாது. பூனைக்குட்டி செத்த தேதி தெரிந்தால், எந்த நாளிலிருந்து எந்தக் கொட்டில்களைச் சந்தேகப்பட வேண்டும் என்று அவர் முடிவு செய்வார். தேறிய குட்டிகூட மலத்தில் ஆறு வாரம் வரை வைரஸை வெளியேற்றலாம். அதைப் பராமரிக்கும் ஆள், மூன்றாவது குட்டியைத் தொடவே கூடாது. அந்த ஆள் இப்போது நீங்கள்தான் இல்லையா? இரண்டையும் நீங்களே பார்க்கிறீர்கள் என்றுதான் கடிதத்திலிருந்து புரிகிறது. இதை இன்றைக்கே பிரிக்க வேண்டும். ஆள் பற்றாக்குறை என்றால் குறைந்தபட்சம் நோயில்லாத குட்டியை முதலில் பார்த்துவிட்டு, உடை, பூட்ஸ், வாளி எல்லாம் வேறாக மாற்றிக்கொண்டு கடைசியாக நோயுற்றதிடம் போக வேண்டும். திரும்பி வரக் கூடாது.

வேலை விஷயம். உங்கள் நிறுவனம் எப்படி நடந்துகொள்ளும் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் சில யோசனைகள் உண்டு. பணியில் சேர்ந்தபோது நீங்கள் கையெழுத்திட்ட காகிதங்களில், வீட்டில் பூனை வளர்க்கக் கூடாது அல்லது நோய்ப்பட்ட பூனையைத் தொட்டால் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், இல்லாத விதியை நீங்கள் மீறவில்லை. பணியிடத்திலேயே கழற்றி வைக்கும் பூட்ஸ், அங்கேயே துவைக்கும் சீருடை, கால் நனைக்கும் தொட்டி, இவற்றை ஏற்பாடு செய்வது நிர்வாகத்தின் கடமை. சீருடை மட்டும் தந்து செருப்பு உங்களுடையது என்று விட்டிருந்தால் அந்த ஓட்டை உங்களுடையது அல்ல. விதி இருந்து நீங்கள் மீறியிருந்தாலும் சொல்லத்தான் வேண்டும், ஆனால் விளக்கக் கடிதம் எதிலும் கையெழுத்திடும் முன் தொழிற்சங்கத்திடமோ வழக்கறிஞரிடமோ காட்டிவிடுங்கள்.

முதலில் மருத்துவரிடம் தனியாகப் போங்கள். மேலாளரிடம் அல்ல. தேதிவாரியாக ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்: பூனைக்குட்டி வந்த நாள், வாந்தி எடுத்த நாள், செத்த நாள், எங்கே புதைத்தீர்கள், போர்வை போன நாள், அந்த நாட்களில் நீங்கள் பார்த்த கொட்டில்கள். அழுது விளக்கம் சொல்வதை விட இந்த ஒரு பக்கம் உங்களுக்காக அதிகம் பேசும். "அன்றைக்குக் கேட்டபோது பயந்துவிட்டேன்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நாளைக்கு வேறு யாராவது வழியாக வெளிவந்து, நீங்கள் மறைத்ததாக ஆகிவிடுவதுதான் எனக்குத் தெரிந்தவரை மிகப் பெரிய ஆபத்து. உங்கள் மகளுக்கு எல்லாம் தெரியும் என்பதை மறக்காதீர்கள். குழந்தையிடம் ரகசியம் காக்கச் சொல்வதும் ஒரு சுமைதான்.

மகளுக்கு நோய் தொற்றுமா என்று கேட்டீர்கள். பேன்லூக்கோபீனியா மனிதருக்கு வராது. எஃப்ஐவியும் வராது, "பூனை எய்ட்ஸ்" என்று யாரோ சொன்ன பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். அவளிடம் "நீ தூக்கி வந்ததால்தான்" என்று யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்த ஒரு வருடத்துக்கு வீட்டுக்குள் ஊசி போடாத பூனைக்குட்டி எதுவும் வர வேண்டாம். உங்கள் வீட்டுத் தரையே இப்போது அதற்கு ஆபத்து. காப்பகத்திலிருந்து நீங்கள் எதிர்த் திசையில் சுமந்து வருவதும் சாத்தியம்தானே.

காப்பகத்தைச் சுற்றித் திரியும் பூனைகள்

பிடித்துக் கொல்வது, அல்லது மூட்டை கட்டி வேறு எங்காவது விட்டுவருவது, இரண்டும் பயன் தராது என்பது என் கருத்து. இறைச்சிக் கழிவும் எலியும் இருக்கும்வரை காலியான இடத்துக்கு வேறு பூனைகள் வரும். புதிதாக வருபவை எதிர்ப்பு சக்தி இல்லாத இளசுகளாக இருந்தால் நிலைமை முன்பைவிட மோசமாகும். கொண்டுபோய் விட்ட இடத்தில் நோயும் போய் இறங்கும். இறைச்சி அறையின் கதவு, வடிகால், கூரை இடுக்கு எல்லாவற்றுக்கும் வலை, மூடியுள்ள கழிவுத் தொட்டி, மிச்சத்தை அன்றன்றே அகற்றுவது, இவை முதல் வேலை. இருக்கும் பூனைகளைப் பிடித்துக் கருத்தடை செய்து ஊசி போட்டு, முடிந்தவரை வளாகத்துக்கு வெளியே ஒரு புகலிடத்துக்கு மாற்றுவது அடுத்தது. பிடித்த பூனைகளில் சிலவற்றின் இரத்தத்தையும் மலத்தையும் பரிசோதித்தால், அங்கே என்ன சுற்றிக்கொண்டிருக்கிறது என்று காப்பகத்துக்கே தெரியும். ஒன்று மட்டும் கசப்பாகத்தான் சொல்ல வேண்டும்: இந்தப் பூனைகளுக்குத் தினமும் சோறு வைப்பது பெரும்பாலும் காப்பாளர்களேதான். மனசு புரிகிறது. வேலிக்கு உள்ளே வேண்டாம்.

பழி முழுவதையும் பூனை மேல் போட்டுவிட்டு நிர்வாகம் கையைக் கழுவிவிடவும் கூடாது. தாய்லாந்தில் 2004-ல் பறவைக் காய்ச்சலால் ஒரே புலிப் பூங்காவில் 147 புலிகள் இறந்தன அல்லது கருணைக்கொலை செய்யப்பட்டன. வைரஸ் வந்தது தீனியாகப் போட்ட பச்சைக் கோழியில். 2018-ல் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது அவற்றில் கண்டறிந்தது நாய்களிடம் பரவும் டிஸ்டெம்பர் வைரஸ். 2020-ல் நியூயார்க் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவின் புலிகளுக்குக் கோவிட் போனது மனிதரிடமிருந்து. தீனி, நாய், ஆள், பூனை என்று நான்கு கதவுகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது உங்கள் செருப்பையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், காலில் போட்டுக்கொண்டு அல்ல. மூன்றாவது குட்டியின் இரண்டாவது டோஸ் எப்போது என்று அவரிடமே கேளுங்கள். அது நோய் வட்டத்துக்குள் இருந்த குட்டி என்பதால், உடனே போடுவதா, வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை பார்த்துவிட்டுப் போடுவதா என்பதை அதைத் தொட்டுப் பார்க்கிறவர்தான் சொல்ல முடியும். அதுவரை பாட்டிலில் ஒரு வேளைப் பால் மிச்சம் வைத்தாலும், வழக்கத்தைவிடச் சோர்ந்து மூலையில் படுத்தாலும், நள்ளிரவாக இருந்தாலும் கூப்பிடுங்கள். முதல் குட்டி பாட்டிலைத் தொடாத அன்று விடியட்டும் என்று காத்திருந்ததாக எழுதியிருந்தீர்கள்.